குன்னூர்ல பசங்களுக்கான சயின்ஸ் பிரான்சைஸ்: அஞ்சு வருஷ அக்ரிமென்ட் முடியுது, ரினியூ பண்றதா வேண்டாமா?

கொழுந்து:
எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ல பெட்ஃபோர்டு பக்கம் ஒரு மாடியில பசங்களுக்கு சயின்ஸ், ரோபாட்டிக்ஸ் சொல்லிக் குடுக்குற சென்டர் வச்சிருக்கேன். சொந்தம் இல்ல, பிரான்சைஸ், அதாவது ஒரு கம்பெனிக்குக் காசு கட்டி அவங்க பேர்ல, அவங்க பாடத்தை நடத்துறது. கம்பெனி பேர் வேண்டாம், இப்ப வரைக்கும் அவங்க போர்டுதான் வாசல்ல தொங்குது. அக்ரிமென்ட் முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு, ரினியூவலுக்கு மெயில் வந்தாச்சு, வீட்டுக்காரரு "உன் இஷ்டம்"னு சொல்லிட்டு டீ ஃபேக்டரிக்கு நைட் ஷிப்ட் போயிட்டாரு. அதான் இங்க வந்து கொட்டுறேன்.

கணக்கு இதுதான். நல்ல மாசத்துல 40 பசங்க, ஆளுக்கு 1,500, மொத்தம் 60,000. வரவுல கம்பெனிக்குக் கட்டுற ராயல்டி 15 சதவீதம் 9,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி 1,620. கிட் சாமான் கம்பெனிகிட்டதான் வாங்கணும், தலைக்கு 150 வச்சு 6,000. வாடகை 11,000. பார்ட் டைம் டீச்சர் ரெண்டு பேர், 18,000. விளம்பர நிதின்னு 1,200 (அந்த விளம்பரம் கோயம்புத்தூர் தாண்டி மேல ஏறி நான் பார்த்ததே இல்ல). கரன்ட், நெட் 2,000. கைல நிக்கிறது 11,180. இது நல்ல மாசத்துல. ஏப்ரல் மே வந்தா 12 பசங்க இருந்தாலே பெருசு, ஆனா ராயல்டி குறைஞ்சபட்சம் 7,500 கட்டியே ஆகணும்னு அக்ரிமென்ட்ல இருக்கு.

விடவும் மனசு இல்ல, ஏன்னா பசங்க நல்லா பழகிட்டாங்க. உங்க அனுபவம் சொல்லுங்க.

பீளமேடு_ராக்கெட்:
ஏனுங்க்கா, நானும் பிரான்சைஸ்தானுங்க, கோயம்புத்தூர்ல. எனக்கு 130 பசங்க இருக்காங்க, வாடகை உங்கள விட மூணு மடங்கு ஆனாலும் கட்டுப்படியாகுது. பிரான்சைஸ்னாலே தப்புன்னு யாராச்சும் வந்து எழுதுவாங்க, அத நம்பாதீங்க. கம்பெனி குடுக்கற பாட மேனுவல் ரெடியா இருக்கு, டீச்சர் லீவு போட்டாக்கூட இன்னொருத்தர் அதே பக்கத்த எடுத்து ஓட்டிரலாம், பேரன்ட்ஸ் பேரப் பார்த்துட்டே உள்ள வர்றாங்க. ஆனா ஒண்ணு, இந்தக் கணக்கெல்லாம் 100 பசங்க வர்ற ஊருக்குப் போட்ட கணக்குங்க. 40க்கு அது வேலைக்கு ஆகாது.

கணக்குப்பிள்ளை:
அக்கா, 11,180 உங்க கைல நிக்குதுன்னு சொல்றீங்களே, ஆரம்பத்துல கட்டின பிரான்சைஸ் ஃபீ எவ்வளவு? அத எங்க எழுதினீங்க?

கொழுந்து:
மூணரை லட்சம். பிளஸ் ஜிஎஸ்டி 63,000. அதை எங்கயும் எழுதல, அது போட்ட பணம்னு விட்டுட்டேன்.

கணக்குப்பிள்ளை:
அங்கதான் எல்லாரும் விடுறாங்க. 4,13,000ஐ 60 மாசத்துக்கு வகுத்தா மாசம் 6,883. நல்ல மாசத்துலயே உங்களுக்கு நிக்கிறது 4,297 ரூபாய். நீங்க வாரத்துல ஆறு நாள் அங்க உக்காந்திருக்கீங்க, உங்களுக்குன்னு சம்பளமும் எழுதல.

ஜிஎஸ்டி பத்தியும் சொல்லிடறேன். உங்க வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழ இருக்கறதால நீங்க ரிஜிஸ்டர் பண்ண வேண்டியது இல்ல, சரி. ஆனா ரிஜிஸ்டர் பண்ணாததால கம்பெனிக்கு ராயல்டி மேல கட்டுற 18 சதவீதத்தைத் திருப்பி எடுக்கவும் முடியாது, அது முழுசா செலவுதான். "ஜிஎஸ்டி எல்லாம் கிரெடிட் கிடைச்சுடும் மேடம்"னு விக்கும்போது சொல்லியிருப்பாங்களே?

கொழுந்து:
அதே வார்த்தை, எழுத்து மாறாம.

வட்டக்கானல்:
நான் கொடைக்கானல். ரெண்டு வருஷம் நடத்தி மூடிட்டேன், அதனால என் பேச்சுல கொஞ்சம் கசப்பு இருக்கும், கழிச்சுக்குங்க. வெளிய இருந்து பார்த்தா எங்க ஊர்ல எத்தனை ஸ்கூல், எத்தனை பசங்கன்னு தோணும். ஆனா பெரிய ஸ்கூல் பசங்க எல்லாம் ஹாஸ்டல், கேட்டைத் தாண்டி ஞாயித்துக்கிழமைதான் வருவாங்க, அதுவும் எல்லா வாரமும் இல்ல. மிச்சம் இருக்கறது ஹோட்டல்ல வேலை பாக்கறவங்க, கடை வச்சிருக்கறவங்க, தோட்டக்காரங்க புள்ளைங்க. அவங்ககிட்ட 1,500 கேக்கவே வாய் வராது. கம்பெனிக்காரங்க ஏரியா சர்வேன்னு ஒண்ணு பண்ணாங்க, அதுல ஹாஸ்டல் பசங்களையும் சேர்த்து எண்ணி வச்சிருந்தாங்க, நான் அதப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கடுப்பு எங்கன்னா, அஸ்ட்ரானமி மாட்யூல்னு பிளாஸ்டிக் கோள் செட்டு ஒண்ணு, 900 ரூபாய், பசங்க அதுக்கு பெயின்ட் அடிக்கணும், அவ்ளோதான் கிளாஸ். இங்க மேல சூரிய ஆய்வுக்கூடம் 1899ல இருந்து நிக்குது, 1909ல எவர்ஷெட்ங்கற விஞ்ஞானி சூரியப் புள்ளிகளுக்குள்ள வாயு உள்ளிருந்து வெளிய ஓடுதுன்னு கண்டுபிடிச்சது இந்த மலைல உக்காந்து. நான் ஒரு பைனாகுலரை ஸ்டாண்டுல கட்டி, பின்னாடி வெள்ளை அட்டைய வச்சு சூரியனை அதுல விழ வச்சுக் காட்டினேன் (நேரா யாரும் பாக்கக் கூடாது, பசங்க அந்தப் பக்கமே வராத மாதிரி கயிறு கட்டிட்டுத்தான்). அட்டைல ஒரு சின்ன கரும்புள்ளி. ஒரு பொண்ணு துடைச்சுப் பார்த்தா, அழுக்குன்னு நினைச்சு. போகல. அன்னிக்குக் கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு. கம்பெனி ஆடிட்ல அதுக்கு "சிலபஸ் மீறல்"னு ஒரு மைனஸ் போட்டாங்க.

கொழுந்து:
அண்ணா, மைனஸா, என் கதையக் கேளுங்க.

தண்ணி கொதிக்கிற பாடம். மேனுவல்ல "தெர்மாமீட்டர் 100 டிகிரி காட்டும், குழந்தைகள் குறித்துக்கொள்வார்கள்"னு இருக்கு. எங்க சென்டர்ல தண்ணி தளதளன்னு கொதிக்குது, தெர்மாமீட்டர் 94ல நின்னுருச்சு. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், ஏறவே இல்ல. அன்னிக்குப் பார்த்து வீடியோ ஆடிட். அந்தப் பக்கம் இருந்த பையன், பாவம், இருபத்தி மூணு வயசு இருக்கும், "மேடம் உங்க தெர்மாமீட்டர் ஃபால்ட், புதுசு ஆர்டர் போடுங்க"ன்னான். நான் சொன்னேன், தம்பி, நாங்க 1,850 மீட்டர்ல இருக்கோம், காத்தழுத்தம் கம்மி, இங்க தண்ணி 94லயே கொதிச்சுடும், ஊட்டில இன்னும் ஒண்ணரை டிகிரி கம்மின்னு. அவன் மேனுவலைப் பார்த்துட்டு "எக்ஸ்பெக்டட் ரிசல்ட் 100ன்னுதான் இருக்கு மேடம்"னான். மார்க் போச்சு. கிளாஸ்ல இருந்த நாலாம் வகுப்புப் பையன் கேட்டான், "மிஸ், அதனாலதான் எங்கம்மா குக்கர் இல்லாம பருப்பு வேகாதுன்னு சொல்லுவாங்களா?" அந்தக் கேள்விக்கு மேனுவல்ல இடமே கிடையாது.

அப்புறம் பாட்டில் ராக்கெட். "ஒவ்வொரு குழந்தையும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வரவும்." நீலகிரில அந்த தண்ணி பாட்டிலுக்கே தடை, மலை அடிவாரத்துல கல்லார் செக்போஸ்ட்ல பிடுங்கிப் போட்டுத்தான் வண்டிய மேல விடுறாங்க, நான் நாப்பது பாட்டிலுக்கு எங்க போவேன்? மேட்டுப்பாளையத்துல இருந்து கடத்திட்டு வரணுமான்னு கேட்டு மெயில் போட்டேன், பதில் வரல.

பீளமேடு_ராக்கெட்:
அக்கா சிரிச்சுட்டேனுங்க, மன்னிச்சுக்குங்க. 94 விஷயம் சத்தியமா எனக்கே தெரியாது.

வெலிங்டன்_வாசி:
நான் பேரன்ட் பக்கத்துல இருந்து எழுதுறேன். என் கணவர் ராணுவம், குன்னூர் பக்கத்துல வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் கோர்ஸுக்காக வந்திருந்தோம், 45 வாரம், ஜூன்ல வந்தா அடுத்த ஏப்ரல்ல மூட்டை கட்டணும். பையனை இதே மாதிரி ஒரு பிரான்சைஸ்லதான் சேர்த்தோம். ஏன்னா புனேல பாதில விட்ட லெவலை இங்க தொடர முடிஞ்சுது, இங்கிருந்து அடுத்த ஊருக்குப் போனப்பவும் அதே புக், அதே கிட், அங்க போய் மூணாவது லெவல்ல உக்காந்தான். நாலு வருஷத்துல மூணு ஸ்கூல் மாறின புள்ளைக்கு அது ஒண்ணுதான் மாறாம இருந்துச்சு. நீங்க எல்லாரும் மேனுவலைக் கிண்டல் பண்றீங்க, எங்களுக்கு அந்த மேனுவல்தான் வேணும். சொந்த சென்டர் எவ்வளவு நல்லா இருந்தாலும் நான் சேர்த்திருப்பேனான்னு கேட்டா, சந்தேகம்தான்.

கொழுந்து:
நீங்க சொல்றது ரொம்ப நியாயம் மேடம். என் 40ல 14 பேர் உங்கள மாதிரி வீட்டுப் பசங்கதான். ஏப்ரல்ல என் கணக்கு கவுறதுக்கும் அதான் காரணம், கோர்ஸ் முடிஞ்சு ஒரே வாரத்துல பதினாலு பேரும் டாட்டா காட்டிட்டுப் போயிடுவாங்க. அடுத்த செட்டு வந்து சாமான் பிரிச்சு செட்டில் ஆகி நம்ம போர்டைப் பாக்கறதுக்கு ஜூலை ஆயிடும். மத்தவங்க அருவங்காடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், பேங்க், டாக்டர் வீடு, அப்புறம் தேயிலை வச்சிருக்கற படுகர் வீட்டுப் பசங்க. பச்சைத் தேயிலைக்கு விலை இறங்குற மாசம் ஃபீஸ் தள்ளிப் போகும், அவங்ககிட்ட நான் கேக்கறதும் இல்ல.

அப்ப நான் போர்டை எடுத்தா அந்தப் பதினாலு போயிடும். மிச்சம் 26.

துளிர்_வாசகன்:
தோழர், நான் அரசுப் பள்ளி ஆசிரியன், கூடலூர் பக்கம். எங்க பள்ளிகள்ல 2022ல இருந்து வானவில் மன்றம் இருக்கு, ஆறுல இருந்து எட்டு வரைக்கும், கருத்தாளர் வந்து பரிசோதனை செஞ்சு காட்டுவாங்க, பசங்க கையால செய்வாங்க, காசு கிடையாது. தெரிஞ்ச இன்னொரு பள்ளிக்கு மத்திய அரசு திட்டத்துல அடல் டிங்கரிங் லேப் வந்துச்சு. மானியம் 20 லட்சம். 3டி பிரின்டர் கவரோட நிக்குது, ஓட்டத் தெரிஞ்ச ஆசிரியர் மாறுதல்ல போயிட்டாரு. பொருள் இருந்தும் ஆள் இல்லன்னா இப்படித்தான், ஆள் இருந்தா பழைய சைக்கிள் டியூப் போதும்.

என் அனுபவம் ஒண்ணு. ஊட்டி பக்கம் முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்புக்கு கடிதம் குடுத்து அனுமதி வாங்கி பசங்களைக் கூட்டிட்டுப் போனோம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச் சரிவு மேல படுத்துக் கிடக்கும். ஒரு பாகைமானில நூல் கட்டி சின்ன கல்லைத் தொங்க விட்டு சரிவை அளந்து பாருங்கன்னு சொன்னேன். பதினொண்ணு, பதினொண்ணரைன்னு சொன்னாங்க. அப்புறம் அட்லஸ்ல ஊட்டியோட அட்சரேகையைப் பாருங்கன்னேன். அதுவும் பதினொண்ணரைக்கு கிட்ட. சரிவும் அட்சரேகையும் ஒண்ணா இருக்கற மலையாப் பார்த்துத்தான் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் குழுவும் அங்க கட்டினாங்க, 1970ல வேலை செய்ய ஆரம்பிச்சுது. அச்சு பூமியோட அச்சுக்கு இணையா இருக்கறதால ஒரே பக்கமா மெதுவாத் திருப்பினாப் போதும், வானத்துல ஒரு பொருளை மணிக்கணக்கா விடாமப் பிடிக்கும். பாகைமானி பத்து ரூபாய். இதெல்லாம் உங்க மேனுவல் எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல, அவரைக் குத்தம் சொல்லல.

வட்டக்கானல்:
ஆசிரியர் சொன்னது சரி, ஆனா நம்ம அக்கா வாடகை குடுக்கணும். அரசு சம்பளம் வாங்கிட்டு சைக்கிள் டியூப் பேசுறது சுலபம் தோழர், கோவிச்சுக்காதீங்க.

துளிர்_வாசகன்:
கோவம் இல்ல. நியாயமான அடிதான்.

கொழுந்து:
ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, எனக்கு ரெண்டும் வேணும்.

எனக்கு யோசனை வந்த இடம் சொல்றேன். போன நவம்பர்ல மழை, மேட்டுப்பாளையம் ரோட்டுல பர்லியார் பக்கம் மண் சரிஞ்சு ரோடு மூடிட்டாங்க, கிட் பார்சல் மேட்டுப்பாளையத்துலயே நின்னு போச்சு. எட்டு நாள். கிளாஸ் நடத்தணுமே, என்ன பண்றது. ஒரு பையனோட தாத்தா லோகோ ஷெட்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவர், பேரனைக் கூட்டிட்டுப் போக வந்தவர் மழைல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தார். பேச்சுவாக்குல மலை ரயில் பத்தி சொல்ல ஆரம்பிச்சார். கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச பட்டை ஓடும், ஏத்தம் சில இடத்துல பன்னெண்டு அடிக்கு ஒரு அடி, வெறும் சக்கரம் அங்க வழுக்கிடும்னார். சரின்னு அமேசான் அட்டைப் பெட்டியைப் பிரிச்சு, மேல் தாளைத் தண்ணி தொட்டு உரிச்சோம், உள்ள அலை அலையா இருக்குல்ல, அதான் பல் பட்டை. அதே அட்டையைக் கீத்தா வெட்டி மூடி மேல சுத்தினா பல் சக்கரம். பலகையை ஸ்கேல் வச்சு பன்னெண்டுக்கு ஒண்ணு சாய்ச்சோம். ஏறுது, ஆனா ஒவ்வொரு பல்லுக்கும் டக் டக்னு குதிக்குது. தாத்தா சிரிச்சுட்டு, "பட்டை ஒண்ணா வச்சீங்க? அங்க ரெண்டு பட்டை பக்கத்துல பக்கத்துல கிடக்கும், ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட பள்ளத்துக்கு நேரா வரும், ஒரு பல்லு விடறதுக்குள்ள இன்னொண்ணு பிடிச்சுக்கும்"னார். அரைப் பல்லு தள்ளி ரெண்டாவது பட்டைய ஒட்டினோம், சக்கரமும் ரெண்டு. வழுவழுன்னு ஏறிருச்சு. ஏழு மணி வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. செலவு ஃபெவிகால் மட்டும்.

அடுத்த வாரம் பார்சல் வந்துச்சு, லைன் ஃபாலோயர் ரோபோ, வரைஞ்ச கோடு மேலயே ஓடுறது. சாயங்காலம் நாலு மணி வெயில் ஜன்னல் வழியா சரியா மேசை மேல விழும், வெயில்லயும் இன்ஃப்ராரெட் இருக்கறதால இன்ஃப்ராரெட்டை வச்சு கோட்டைப் பாக்குற சென்சார் குழம்பி ரோபோ கோட்டுல இருந்து விலகி சுத்திக்கிட்டே இருக்கு. சென்சார் மாத்தச் சொல்லி பில் அனுப்பினாங்க. ஒரு ஏழாவது பொண்ணு கருப்பு சார்ட்டை சின்னதா வெட்டி சென்சாரைச் சுத்தி பாவாடை மாதிரி கட்டி விட்டா, சரியாப் போச்சு.

கணக்குப்பிள்ளை:
சரி, மனசு எந்தப் பக்கம்னு தெரிஞ்சு போச்சு. இப்ப காகிதம். வெளிய வந்தா அதே மாதிரி தொழில் பண்ணக் கூடாதுன்னு ஷரத்து இருக்கா?

கொழுந்து:
இருக்கு. ரெண்டு வருஷம், நீலகிரி மாவட்டம் முழுக்க.

கணக்குப்பிள்ளை:
நம்ம நாட்டுல பிரான்சைஸுக்குன்னு தனிச் சட்டம் இல்ல, எல்லாம் 1872 ஒப்பந்தச் சட்டம்தான். அதுல 27வது பிரிவு, ஒருத்தரைத் தொழில் செய்யவிடாமத் தடுக்கற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாதுன்னு சொல்லுது. அக்ரிமென்ட் நடக்கும்போது போட்டி சென்டர் ஆரம்பிச்சா அது வேற, அப்ப மாட்டுவீங்க. முடிஞ்ச அப்புறம் தடுக்கற ஷரத்து கோர்ட்ல பொதுவா நிக்காது. ஆனா நிக்காதுங்கறதுக்காக நோட்டீஸ் வராதுன்னு இல்ல. ஒரு வக்கீல்கிட்ட அக்ரிமென்ட்டை முழுசாக் காட்டிடுங்க, ரெண்டாயிரம் மூவாயிரம் ஆகும், ஆகட்டும்.

தொடவே கூடாதது அவங்க பேர், லோகோ, மேனுவல். மேனுவலை ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கலாம்னு ஆசை வரும், வேண்டாம், காப்பிரைட் கேஸ்ல 27வது பிரிவு காப்பாத்தாது. தண்ணி கொதிக்கறதுக்கும் பல் சக்கரத்துக்கும் யாரும் காப்பிரைட் கேக்க முடியாது, அதை உங்க வார்த்தைல எழுதிக்குங்க.

வரப்போற மாசத் தேதி போட்டு முன்னாடியே பின்தேதி செக் குடுத்திருக்கீங்களா?

கொழுந்து:
மினிமம் ராயல்டிக்கு. வருஷத்துக்கு 12, இப்ப அவங்ககிட்ட 4 இருக்கு. ரினியூ ஆகும்னு முன்கூட்டியே இன்னும் 6 வாங்கிட்டாங்க.

வட்டக்கானல்:
ஐயோ. நான் அடிபட்டதே அங்கதான். மூடினதுக்கு அப்புறம் ஒரு செக்கைப் போட்டுட்டாங்க, அக்கவுன்ட்ல பணம் இல்ல, செக் பவுன்ஸ் கேஸ்னு வக்கீல் நோட்டீஸ். மதுரைக்கும் கொடைக்கும் எட்டு மாசம் அலைஞ்சேன். முதல் வேலையா அந்த ஆறை எழுத்துல கேட்டு வாங்குங்க.

(ஏழு வாரம் கழிச்சு)

கொழுந்து:
கேட்டவங்களுக்காக அப்டேட். கடைசியா ஒரு தடவை பேசிப் பார்க்கலாம்னு கோயம்புத்தூர் போனேன். மூணே மூணு கேட்டேன்: ஏப்ரல் மே மினிமம் வேண்டாம், நாலுல ஒரு கிளாஸ் நான் உள்ளூர்ப் பாடம் எடுத்துக்கறேன், ரினியூவல் ஃபீ பாதி. ஃபீ பாதிக்கு உடனே சரின்னுட்டாங்க. மினிமம் "பாலிசி மேடம்". உள்ளூர்ப் பாடத்துக்கு, நான் எழுதிக் குடுத்தா அவங்க டீம் அப்ரூவ் பண்ணும், அப்ரூவ் ஆனா அது கம்பெனி சொத்து ஆயிடும்னாங்க. தாத்தாவோட பல் சக்கரம் எனக்கே சொத்து இல்ல, இவங்களுக்கு எப்படி ஆகும்? எந்திரிச்சு வந்துட்டேன்.

ரினியூ பண்ணலைன்னு லெட்டர் தபால்ல போட்டாச்சு. ஃபீஸ் 1,100ஆ குறைச்சு பேரன்ட்ஸ்கிட்ட பேசினேன். 26ல 21 பேர் இருக்கோம்னு சொல்லியிருக்காங்க, வெலிங்டன் பக்கம் ரெண்டு பேர். 23. வாடகைக்கு கீழ ரூம் ஒண்ணு 6,500க்கு பேசியிருக்கேன், வெயில் விழாத பக்கம், ரோபோவுக்கு நல்லது, எனக்குக் குளிரும். டீச்சர் ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும், இன்னொரு பொண்ணுகிட்ட அதச் சொன்ன அன்னிக்கு ராத்திரி தூங்கல.

பீளமேடு_ராக்கெட்:
வாழ்த்துங்க்கா. நான் ரினியூ பண்ணிட்டேனுங்க, எனக்கு அது சரியாத்தான் இருக்குது. ஒரு சனிக்கிழம பசங்கள மேல கூட்டிட்டு வரட்டுங்களா? கீழ 98, 99 வரும், உங்ககிட்ட 94, ஒரே தெர்மாமீட்டர்ல காட்டிரலாம். நடுவுல பர்லியார்லயும் ஒருக்கா நிறுத்தி அளந்துட்டு வர்றோம்.

கொழுந்து:
வாங்க தம்பி, சீசன்ல மட்டும் வேண்டாம், டிராஃபிக்ல பாதி வழிலயே தண்ணி ஆறிடும். இ-பாஸ் எடுத்துட்டு வாங்க. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வராதீங்க.

கணக்குப்பிள்ளை:
செக் வந்துச்சா?

கொழுந்து:
ஆறுல அஞ்சு வந்துச்சு. ஒண்ணு "தேடிட்டு இருக்கோம்"ங்கறாங்க. பேங்க்ல ஸ்டாப் பேமென்ட் குடுத்துடட்டுமா?

கணக்குப்பிள்ளை:
அவசரப்படாதீங்க, ஸ்டாப் பேமென்ட் குடுத்தாலும் அதை வச்சு கேஸ் போட முடியும். முதல்ல செக் நம்பரைப் போட்டு, இந்தத் தேதிக்கு மேல நான் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லன்னு ரிஜிஸ்ட்ரேஷனோட ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்க, டெலிவரி ஆனதுக்கான அத்தாட்சியை பத்திரமா வைங்க, அப்புறம் பேங்க். நம்பர் குறிச்சு வச்சிருக்கீங்கல்ல?

கொழுந்து:
செக் புக்ல கிழிச்சது போக நிக்கிற கவுன்டர் ஃபாயில் இருக்கு. அதுக்குப் பின்னாடி யாரோ பல் சக்கரம் வரைஞ்சு வச்சிருக்காங்க, நம்பர் தெரியுது.